கொடிகாமத்தில் ஒரு சாம்பல் நிறப் பொத்தான்

1

அன்றொரு நாள் காலையில் கோப்பி போட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தபோது சுகந்தி மச்சாள் அனுப்பிய படம் ஒன்று வந்திருந்தது. ஒரு கைபேசியின் திரையை இன்னொரு கைபேசியால் எடுத்த படம். திரையில் ‘வாகனத்தை அனுப்பு’ என்று எழுதிய பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னால் மங்கலாக எங்கள் ஊர்ச் சங்கத்தின் வெள்ளை வாகனம் நின்றது. அதன் படியில் தலையில் துவாய் சுற்றிய ஒரு பெண் குந்தியிருந்தார். கீழே மச்சாள் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘உன்ரை பட்டன் இண்டைக்கும் செத்துப்போய்க் கிடக்கு.’

அந்தப் பொத்தானைச் செய்தவன் நான். வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், தனிமையைப் பற்றி எழுதுவார்கள். நானும் முன்பு எழுதியிருக்கிறேன். இன்று எனக்குக் கோபத்தில் விசர் வந்திருக்கிறது. பனி எக்கேடு கெட்டாவது பெய்யட்டும்.

சுகந்தி மச்சாள் என் மாமாவின் மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறார். விடிய முன்னம் எழும்பி, தோட்டக்காரரிடம் கத்தரிக்காயும் மிளகாயும் வாங்கி, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். எந்த லொறி எங்கே நிற்கிறது, எந்தச் சாரதிக்கு எங்கே நித்திரை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட மனிசி, ஒரே ஒரு வாகனத்தைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு ஜேர்மனியில் இருக்கும் எங்களிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. இது எங்கள் ஏற்பாடு.

2

இந்தக் கதை விளங்க என் தொழில் கொஞ்சம் விளங்கவேண்டும்.

நான் இங்கே முதியோர் இல்லங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். என் பொறுப்பு திரைகள். தாதி கணினியைத் திறந்தால் எந்தப் பொத்தான் தெரியவேண்டும், சமையற்காரர் திறந்தால் எது தெரியக்கூடாது என்று பார்ப்பதுதான் வேலை. நிரல் எழுதும் மென்பொருளில் ஒரு பொத்தானை இழுத்துத் திரையில் வைத்தால், வலப்பக்கத்தில் அதன் விவரங்கள் வரிசையாக வந்து நிற்கும். நிறம், அகலம், அதில் வரும் எழுத்து. அவற்றுக்குக் கீழே என் சோற்றுக்கு வழி செய்யும் மூன்று கேள்விகள். இது கண்ணுக்குத் தெரிகிறதா? அழுத்த முடியுமா? வேறு திரைகளின் நிரல் இதைத் தொடலாமா?

மூன்றாவதுக்குத் ‘தனி’ என்று போட்டால் அந்தத் திரை மட்டும்தான் தன் பொத்தானை ஆளும். ‘பொது’ என்று போட்டால் எந்தத் திரையும் உள்ளே கைவிட்டு அதை மாற்றலாம். பொது என்ற சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சோம்பலில் எல்லாவற்றையும் பொது என்று போட்டுவைத்தார். சமையலறைத் திரையில் மத்தியானச் சாப்பாட்டை மாற்றினால் மருந்துத் திரையின் பொத்தான் அணைந்துபோனது. ஏன் என்று தேடித் தேடி எங்கள் எல்லோருக்கும் கண் பூத்துவிட்டது. வேலை எந்தத் திரையில் நடக்கிறதோ பொத்தான் அந்தத் திரைக்குச் சொந்தம், மற்றத் திரைகளுக்கு ஏதும் வேண்டுமென்றால் கேட்கட்டும் என்று நான் அன்று முடிவு கட்டினேன்.

அழுத்த முடியாத பொத்தானைச் சாம்பல் நிறமாக்குவது வழக்கம். என் மேலதிகாரியம்மாவுக்கு அது பிடிக்காது. “மறைத்துவிடுங்கள். சாம்பலாகத் தெரிந்தால் ஏன் எனக்கு இல்லை என்று கேட்பார்கள்” என்பார். கேட்கட்டுமே என்று நான் சண்டை பிடிப்பேன். அவர் என் டொச் மொழி உச்சரிப்பைத் திருத்திவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் முதலில் அலுவலகக் கண்ணாடியின் மற்றப் பக்கத்தில் நின்றவன். அகதியாக வந்த புதிதில் எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். ஒன்றுவிட்ட அக்காவுக்குப் பக்கத்து நகரத்தில் கலியாணம். அனுமதி கொடுக்கும் கந்தோரில் இருந்த பெண் கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “கணினி விடவில்லை” என்றார். திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. யார் இதை முடிவு செய்கிறவர் என்று கேட்க நினைத்தேன். எனக்கு இருந்த அரைகுறை டொச்சில் “கணினியின் முதலாளி யார்?” என்று வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்காவின் கலியாணத்தை நான் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன்.

தொழில் பழகிய பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. கணினி விடவில்லை என்று ஒன்று கிடையாது. விடாதே என்று யாரோ ஒருவன் ஒரு கதிரையில் இருந்து எழுதியிருக்கிறான். அவனுக்கு அதை எழுதச் சொல்லி இன்னொருவன் சொல்லியிருக்கிறான்.

3

வாகனம் வாங்கியது நல்ல காரியம். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊரவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்குப் போவதென்றால் கொடிகாமத்தில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். போகும்போது பரவாயில்லை. மருந்தேற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வயிறு புரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். இதைக் கேள்விப்பட்டு ஜேர்மனிச் சங்கம் வாகனத்தை வாங்கியது. ஊரில் சுகந்தி மச்சாள் பொறுப்பு எடுத்தார். செயலியை நான் எழுதிக் கொடுத்தேன். மச்சாளுக்கு ஒரு திரை, சாரதிக்கு ஒரு திரை. ‘வாகனத்தை அனுப்பு’ பொத்தான் மச்சாளின் திரைக்குத் தனி. அவர் அழுத்தினால் சாரதியின் கைபேசி மணி அடிக்கும். அவ்வளவுதான்.

அதைச் சங்கக் கூட்டத்தில் காட்டினேன். ரோல்ஸும் பற்றீஸும் பரிமாறி முடிந்த நேரம். தலைவர் குலசிங்கம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, அங்கை இருக்கிறவை அமத்தினால் உடன வாகனம் போகுமோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப நாங்கள் ஆர்?”

நான் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒவ்வொரு திரை. அவர்களில் ஒருவர் அனுமதிக்கும்வரை மச்சாளின் பொத்தான் சாம்பலாகவே இருக்கவேண்டும். அவர்கள் நினைத்த நேரம் அதை அணைக்கவும் முடியவேண்டும். ‘காரணம்’ என்று ஒரு பெட்டி, அதை மச்சாள் நிரப்பவேண்டும். நிரப்பியது பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதற்குத் தலைவரின் திரையில் ஒரு பொத்தான். அதை அமத்தினால் மச்சாளுக்கு ‘காரணம் போதாது’ என்று போகும். சொல்லைத் தெரிவு செய்தவரும் அவர்தான்.

“அண்ணை, அது அவவின்ரை திரை. அதுக்குள்ளை நாங்கள் கைவிட்டால் கரைச்சல் வரும்” என்றேன்.

“நீர் உதுகளுக்குள்ளை தலையைப் போடாதையும். நாளைக்குக் கலியாண வீட்டுக்கு ஆள் ஏத்துவினம். கோயில் திருவிழாவுக்கு ஏத்துவினம். கொன்ட்ரோல் எங்கடை கையிலை இருக்கவேணும்.”

வாக்கெடுப்பு நடந்தது. தனி என்று இருந்ததைப் பொது என்று மாற்றினேன். அலுவலகத்தில் ஒருவர் செய்ததற்குக் கத்திய நான் வீட்டு மேசையில் இருந்து அதையே செய்தேன்.

ஒரு நாள் ஒரு பிரசவக்காரியைப் பொத்தான் இல்லாமலே ஏற்றிப்போன சாரதியை வேலையால் நிறுத்திவிட்டார்கள். அதை முடிவு செய்த கூட்டத்தில் நான் மேசையில் அடித்துக் கத்தினேன். புதுச் சாரதி வந்தார். அவர் பொத்தான் சாம்பல் மாறி நீலமாகாமல் வாகனத்தின் திறப்பைக் கையால் தொடமாட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

4

படத்தைப் பார்த்தவுடன் மச்சாளுக்கு எடுத்தேன். அவர் சந்தையில் நின்றார்.

“மச்சாள், உது ஆர் வாகனப் படியிலை இருக்கிறது?”

“பரமேசக்கா. உனக்குத் தெரியும். எங்கடை வளவுக்குப் பின்னாலை கத்தரித் தோட்டம். புற்றுநோய்க்கு ஒவ்வொரு நாளும் தெல்லிப்பழைக்குக் கதிர் பிடிக்கப் போறவ.”

“ஏன் நீங்கள் நேற்றே கேக்கேல்லை?”

“கேட்டனானடாப்பா! நேற்றுக் காலமையே கேட்டனான். காரணம் எண்ட பெட்டியிலை ஆஸ்பத்திரிக்கு எண்டு எழுதினன். காரணம் போதாது எண்டு திரும்பி வந்திது. பேந்து பரமேசக்காவின்ரை பேர், வருத்தம், வாட்டு எல்லாம் எழுதி அனுப்பினன். ஒருத்தரும் பாக்கேல்லை. விடிய அவ வந்து படியிலை குந்தினா. நான் ரெலிபோன் அடிச்சன். உங்கடை தலைவர் எடுக்கேல்லை, செயலாளர் எடுக்கேல்லை, மற்றவரும் எடுக்கேல்லை. நீயும்தான் எடுக்கேல்லை.”

எப்படி எடுப்போம்? கொடிகாமத்தில் விடியும்போது ஜேர்மனியில் நடுச்சாமம். வாகனம் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால்தான் சிகிச்சைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த வாகனத்தை அனுப்பும் அதிகாரத்தைக் குறட்டை விட்டுத் தூங்கும் மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருந்தோம். இவ்வளவு படித்தவர்கள் கூடிய கூட்டத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முதல் நாள் மாலை மூவரும் எங்கே இருந்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். ஒரு பெண் பிள்ளை பூப்பெய்திய சாமத்தியவீட்டு மண்டபத்தில். பெண் பிள்ளை புகை மூட்டத்துக்குள் பல்லக்கில் வந்து இறங்கியதைச் செயலாளர் நேரலையில் போட்டிருந்தார்.

“இப்ப பரமேசக்கா எங்கை?”

“பஸ்ஸிலை போனவ. சனம் நெரிசல், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதான் போயிருக்கிறா. போய்ச் சேர நேரம் போட்டுது. இண்டையான் கதிர் இல்லை. திரும்பி வரேக்கை யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை தலை சுத்தி விழுந்து, ஆரோ பிடிச்சு இருத்தித் தண்ணி குடுத்தவையாம். இப்பதான் போன் பண்ணினவ.” மச்சாளின் குரல் இறங்கியது. “இனிப் போகமாட்டனாம், சிவா.”

“என்ன விசர்க்கதை? இடையிலை விட்டால் வருத்தம் கூடிப்போமல்லோ?”

“அதை நான் சொல்லாமலே? அவ என்ன சொன்னவ தெரியுமே? ‘நான் கத்தரி நட்டுப் பிள்ளையளை வளர்த்தனான், ஒருத்தன்ரை படலையிலையும் போய் நிண்டதில்லை. ஜேர்மனிக்காரர் நித்திரையாலை எழும்பி ஓம் எண்டால்தான் நான் உயிரோடை இருக்கலாமெண்டால், அப்பிடி ஒரு உயிர் எனக்குத் தேவையில்லை’ எண்டவ.”

5

அந்த வாரமே கூட்டம் கூட்டச் சொன்னேன். பரமேசக்கா விழுந்ததைச் சொன்னேன். அவர் சிகிச்சையை விடப்போகிறார் என்பதையும் சொன்னேன். எல்லோரும் “சீ, பாவம்” என்றார்கள். குலசிங்கம் அண்ணை நிமிர்ந்து இருந்தார்.

“அதுதான் தம்பி, நானும் யோசிச்சனான். சுகந்தி ஏன் முதல் நாளே வடிவாய் எழுதேல்லை? ஒரு ஒழுங்கு வேணும். அதோடை இன்னொரு அலுவல் கிடக்கு. வாகனத்திலை பூட்டுற சாமான் ஒண்டு வந்திருக்காம். இஞ்சை இருந்துகொண்டே எஞ்சினை நிப்பாட்டலாமாம். என்ரை திரையிலை அதுக்கு ஒரு சிவப்புப் பட்டன் போட்டு விடும். எனக்கு மட்டும் தெரிஞ்சால் போதும்.”

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பற்றி எரிந்தது.

“உள்ளுக்கை நோயாளி இருக்கேக்கை நிப்பாட்டினால் என்ன செய்யிறது?”

“கேட்டுப்போட்டு ஏறினால் நாங்கள் ஏன் நிப்பாட்டப்போறம்?”

ஊரில் சோதனைச் சாவடிகளில் எங்களை மறித்து, இறக்கி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் அனுமதி தந்தது என்று கேட்டவர்களை விட்டுத் தப்பி வந்தவர்கள் நாங்கள். இந்த மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரும் அப்படி வரிசையில் நின்றவர்கள். அதே கேள்விகளைப் பெட்டியாக்கி ஊருக்கே திருப்பி அனுப்ப எப்படி ஐயா மனம் வந்தது? இதைத்தான் கேட்டேன். இதைவிட மோசமான சொற்களில் கேட்டேன்.

“நாங்கள் ஊருக்குச் செய்யிறம். நீர் எங்களைப் பேசுறீர்” என்றார் பொருளாளர்.

“செய்யிறது வேறை, பிடிச்சு வைச்சிருக்கிறது வேறை!” என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தேன். வாசலில் என் சப்பாத்து அகப்படாமல் கொஞ்ச நேரம் தேடவேண்டி வந்ததால் கோபத்தின் அழகு கெட்டுவிட்டது.

6

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். மகள் ஆரணி சோபாவில் கிடந்தாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று என் கைபேசியில் பார்க்கும் வசதியை அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தாள். அதற்காக இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டொச்சில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் ஊரின் பெயரை அவள் இன்னமும் பிழையாகத்தான் சொல்லுவாள்.

“அப்பா, நீயும் அந்த அங்கிள் மாதிரித்தான்” என்றாள் தமிழில். “நான் எங்க நிக்கிறன் எண்டு நீ பாக்கோணும், பாக்கோணும்.”

அது வேறு, இது வேறு என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே பொத்தானைத் திரும்பத் தனி ஆக்கினேன். மூன்று திரைகளும் உள்ளே கைவிடும் வழிகளைத் தேடித் தேடி அடைத்தேன். வெறுமனே சாம்பலாக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்து வைப்பது ஏமாற்று. ஆகவே பின்னாலும் அடைத்தேன். தலைவரின் திரையில் பொத்தான்களை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இல்லை, இருக்கட்டும், தெரியட்டும் என்று விட்டேன். மூன்று பேருக்கும் எல்லாமே சாம்பல்.

குலசிங்கம் அண்ணை அடுத்த நாளே எடுத்தார்.

“தம்பி, என்ரை பட்டன் ஒண்டும் வேலை செய்யேல்லை.”

“ஓம் அண்ணை.”

“சாம்பலாய்க் கிடக்கு.”

“ஓம் அண்ணை, சாம்பல்தான்.”

“நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீர்? ஆரைக் கேட்டுச் செய்தனீர்?” அவர் கத்தக் கத்தக் கைபேசியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். நீண்ட நாளுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மச்சாள் சந்தோஷப்படுவார் என்று நினைத்து எடுத்தேன். அவர் சந்தோஷப்படவில்லை.

“உதை ஆரைக் கேட்டு மாத்தினனீ?”

“உங்களுக்காகத்தானே மச்சாள்!”

“எனக்காகவோ, அவரோடை உனக்கு வந்த கோவத்துக்காகவோ? இண்டைக்கு நீ திறந்துவிட்டனீ. நாளைக்கு என்னோடை கோவம் வந்தால் பூட்டவும் உன்னாலை ஏலும்தானே?” நான் வாயைத் திறக்க முன்னம் அவரே தொடர்ந்தார். “பரமேசக்காவிட்டைப் போய், வாங்கோ, இப்ப எங்கடை கையிலைதான் எல்லாம் எண்டு நான் என்ன முகத்தோடை சொல்லுறது? கேளடா. பருத்தித்துறையிலை என்னோடை படிச்ச ஒருத்தி கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள். நிரலெல்லாம் எழுதுவாள். எல்லாத்தையும் அவளிட்டைக் குடு. பாஸ்வேர்ட், கண்டறியாத பட்டன், எல்லாத்தையும்.”

பருத்தித்துறையில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த எரிச்சலோடுதான் எல்லாவற்றையும் அனுப்பினேன். மனமில்லாமல், ஆனால் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அனுப்பினேன்.

7

இன்று காலை கோப்பியோடு செயலியைத் திறந்தேன். பரமேசக்கா வாகனத்தில் போனாரா என்று மட்டும் பார்க்க நினைத்தேன். திரை முழுக்கச் சாம்பல். பயணங்கள் சாம்பல், சாரதி சாம்பல், நான் இழுத்து வைத்த ஒவ்வொரு பொத்தானும் சாம்பல். நடுவில் ஒரு பெட்டி மட்டும் வெள்ளையாக இருந்தது. குலசிங்கம் அண்ணைக்காக நான் செய்த அதே பெட்டி. ‘காரணம்.’

எழுதினேன்: ‘பரமேசக்கா போனாவோ எண்டு பாக்க.’

கொஞ்ச நேரத்தில் மறுமொழி வந்தது. ‘காரணம் போதாது.’

உடனே மச்சாளுக்கு எடுத்தேன்.

“என்ன மச்சாள், எனக்குமோ?”

“உனக்கும்தான்.”

“நான் செய்த சாமான் அது!”

“ஓம். வடிவாய்த்தான் செய்திருக்கிறாய். நல்லாய் வேலை செய்யுது.”

“பரமேசக்கா போனவவோ இல்லையோ? அதையாவது சொல்லுங்கோ.”

“போனவ. ஜேர்மனியிலை இனி ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை எண்டு சொன்னனான், வெள்ளனவே வெளிக்கிட்டு வந்து, முன் சீற்றிலை ஏறி இருந்துகொண்டு போனவ.”

“அதைப் பாக்கத்தானே வந்தனான்.”

“பாத்து என்ன செய்யப்போறாய்?”

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. குலசிங்கம் அண்ணைக்கு வந்ததே எனக்கும் வந்தது, அதே இடத்தில் பற்றி அதே மாதிரி எரிந்தது. ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. மச்சாளின் பக்கத்தில் லொறிக்கு மூட்டை எறியும் சத்தமும் யாரோ நிறை சொல்லும் சத்தமும் கேட்டன.

“வை சிவா, எனக்கு அலுவல் கிடக்கு” என்று அவர் வைத்துவிட்டார்.